துவைக்கக் கூடாத புடவை

என் அம்மாவின் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், பொன்மலை என்று திருச்சி முழுக்க வீட்டில் வைத்துப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்கள் அதில் இருக்கிறார்கள். எந்தத் தெருவில் அம்மை போட்டிருக்கிறது, யார் வீட்டில் இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் இருக்கிறது, பல் முளைக்கிற குழந்தைக்கு எதைக் கடிக்கக் கொடுப்பது, விளக்கு வைத்த பிறகும் பிள்ளையைக் கூட்டிப்போக வராத அப்பாவிடம் கோபப்படாமல் எப்படிப் பேசுவது, எல்லாச் செய்தியும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாதான் அட்மின். கலெக்டர் வேலை கொடுத்தாலும் அந்த அட்மின் பதவியை அவள் விட்டுத் தரமாட்டாள்.

குழுவில் புதிதாக யார் சேர்ந்தாலும் அம்மாவிடமிருந்து ஒரு குரல்பதிவு போகும். "வாம்மா, நல்லா இரு. முதல் வேலையா, ஒவ்வொரு பிள்ளையோட அம்மாகிட்டயும் கட்டி அவுத்த புடவை ஒண்ணு வாங்கி வச்சுக்க. புடவை கட்டாதவங்கன்னா நைட்டி, துப்பட்டா, எதுனாலும் சரி. துவைக்காம கொண்டாரச் சொல்லு. நீயும் துவைச்சுத் தொலைச்சிராத."

புதியவர்கள் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். பிறகு ஏன் என்று கேட்பார்கள். "அதை என் பொண்ணு சொல்லுவா, அவதான் கூடவே இருந்தவ" என்று அம்மா என் பக்கம் தள்ளிவிடுவாள். கரும்பு தின்னக் கூலி வேண்டுமா? நான் வாயாடி என்று அந்த வயதிலேயே பேர் வாங்கியவள். அந்தக் கதையை இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே மொட்டை மாடி, அவ்வளவுதான் வீடு. அந்தக் கூடத்தின் உத்தரத்தில் அப்பா வரிசையாக இரும்புக் கொக்கி அடித்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தூளி தொங்கும். தூளிக்கு ஒரு பிள்ளை.

பிள்ளைகளை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேங்க் பாப்பா, டீச்சர் வீட்டுத் தம்பி, நர்ஸ் பாப்பா, இப்படித்தான் அவர்கள் அம்மாக்களின் உத்தியோகத்தோடு சேர்த்துக் கூப்பிடுவோம். காலையில் அந்த அம்மாக்கள் அவசர அவசரமாகப் பிள்ளையை இறக்கிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். சாயங்காலம் வரும்போது பிள்ளை குளித்து, பவுடர் போட்டு, வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும். ஊரில் பாதி வேலை என் அம்மாவால்தான் நடக்கிறது என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேங்க் திறப்பதும், ஆஸ்பத்திரியில் ஊசி போடுவதும், டீச்சர் பிரம்பை எடுப்பதும் எங்கள் வீட்டுக் கொக்கி தாங்குவதால்தான் என்பது என் கணக்கு. இப்போதும் அந்தக் கணக்கில் பெரிய தப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் புடவை விஷயம் அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. அந்த வருஷம்தான் ஒரு நாள் டீச்சர் வீட்டுத் தம்பி, இறக்கிவிடும்போதே அவன் அம்மாவின் மேல் பாலைக் கக்கிவிட்டான். டீச்சர் என் அம்மாவின் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள். அவள் அவிழ்த்துப் போட்ட புடவை மூலையில் கிடந்தது. எப்போதும் தூங்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கிற அந்தத் தம்பி, தவழ்ந்து போய் அதன் மேல் படுத்து, முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கினான். அம்மா அதைப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு அம்மாவும் தான் கட்டி அவிழ்த்த புடவை ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள். தூளி அந்தப் புடவையில்தான் கட்டவேண்டும். வாடை போனதும் வேறு புடவை வரும். சாயங்காலம் தூளியை அவிழ்த்து, ஆளுக்கொரு மஞ்சப்பையில் போட்டு அலமாரியில் வைப்பாள். அந்த அலமாரியைத் திறந்தால் வியர்வை, மஞ்சள், தேங்காயெண்ணெய், புளித்த பால் எல்லாம் கலந்து குப்பென்று அடிக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாத மூக்கு ஒன்று அந்த ஆடி மாதம் லால்குடியிலிருந்து வந்து சேர்ந்தது.

அப்பாவின் அக்கா, என் அத்தை. பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரியில் குளிக்க வருஷா வருஷம் வந்து எங்கள் வீட்டில் நாலைந்து நாள் தங்குவாள். அத்தையின் சுத்தம் லால்குடி முழுக்கப் பிரசித்தம். துவைக்காத துணியைத் தொட்டுவிட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள். உடம்பிலிருந்து இறங்கிய புடவை தரையைத் தொடுமுன் வாளிக்குள் போய்விடும். கல்யாணமான புதிதில் அத்தை லால்குடித் தபால் ஆபீசில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். "ஆபீஸ் போன காலத்துலயும் எங்க வீட்ல அழுக்குத் துணின்னு ஒண்ணு கிடந்ததில்ல. அத்தனையும் துவைச்சுக் கொடில போட்டுட்டுத்தான் படி எறங்குவேன்" என்பாள்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அத்தையிடம் இருந்தது. அவள் மகன், என் அத்தான், கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வேலையை விட்ட கதை. "எம் பையன் என்னைய விட்டு ஒரு பொழுது இருக்கமாட்டான். நான் அந்தாண்ட போனதும் அழ ஆரம்பிச்சா, வர்ற வரைக்கும் அழுது நீலம் பாரிச்சுப் போயிடுவான். எங்க வீட்ல அத்தனை பேர் மாத்தி மாத்தித் தூக்கியும் ஒண்ணும் நடக்கல. அப்படி ஒரு பாசம்! கவர்மென்ட் வேலையாவது ஒண்ணாவதுன்னு தூக்கிப் போட்டுட்டு வந்துட்டேன்." கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே நாலு பேர் கூடினாலும் அத்தை இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். அத்தானுக்கு மீசை முளைத்த பிறகும் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவான்.

இப்படிப்பட்ட அத்தைக்கு அம்மாவின் தொழில் பிடிக்குமா? "ஊரான் பிள்ளைக்குக் கழுவி விடணும்னு உனக்கென்ன தலையெழுத்து? ஆயா வேலைன்னு நாலு பேர் சொல்லமாட்டாங்களா?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். அம்மா சிரித்துக்கொண்டே, "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும் அண்ணி" என்பாள். தானே வளர்ந்த அந்தத் தன் பிள்ளை நான்தான். வளர்ந்த லட்சணத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்திருந்தான். புடவைக்கடைக் குட்டி. தெப்பக்குளம் கடைவீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அவன் அம்மா புடவை எடுத்துப் போடுகிற வேலை பார்த்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியாக, எப்போதும் ஓடத் தயாராக நிற்பவளாக இருப்பாள். அவள் புருஷனுக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. பிள்ளை பிறந்து, அப்போதுதான் மறுபடி வேலையில் சேர்ந்திருந்தாள். அவள் மாமியார் தொட்டியத்தில் இருந்தார். வாழை போட்டிருந்தார்கள். பச்சைப் பிள்ளையை யார் வீட்டிலோ விட்டுவிட்டு மருமகள் கடைக்குப் போவது அந்த அம்மாளுக்குச் சம்மதமே இல்லை. ஒரு நாள் வந்து பார்ப்பேன், பிள்ளை அழுதால் அப்படியே தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன், நீயும் வேலையை விட்டுவிட்டு வந்து சேர் என்று சொல்லியிருந்தாராம்.

அந்த ஒரு நாள், பெருக்கு முடிந்து வந்த சனிக்கிழமையாக அமைந்தது. எனக்கு லீவு, டீச்சருக்கு ஸ்பெஷல் கிளாஸ். காலையில் குட்டியை இறக்கிவிடும்போது அக்காவின் முகமே சரியில்லை.

"அக்கா, எங்க மாமியார் இன்னைக்கு வராங்களாம். மத்தியானம் நேரா இங்கதான் வருவாங்க. ஆடித் தள்ளுபடி, கடைல லீவு கேட்டா வேலையே போயிடும். அவன் அழாம இருந்தாப் போதும்க்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்குற நேரம்தானே அது? தூளில போட்டா ராஜாவாட்டம் தூங்கப் போறான். நீ போயிட்டு வா" என்றாள் அம்மா. அம்மா அப்படிச் சொன்னால் சொன்னதுதான். அக்கா போய்விட்டாள்.

முற்பகலில் குட்டி கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். அம்மா தூளி கட்ட அலமாரியைத் திறந்தாள். மஞ்சப்பைகள் எல்லாம் தட்டையாக, வெறுமையாக இருந்தன. துடைத்து வைத்த அலமாரியில் சோப்பு மணம் அடித்தது.

"அண்ணி, இதுல இருந்த புடவையெல்லாம் எங்க?"

அத்தை மாடிப்படியில் இறங்கி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "ஒனக்கு எங்கம்மா நேரமிருக்கு? என்ன நாத்தம், என்ன நாத்தம்! விடியக்காலைல குளிக்கப் போறப்ப அத்தனையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போயி, ஆத்துல வச்சு அடிச்சுத் தொவைச்சுட்டேன். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், புடவை காயறதுக்கு என்ன? எல்லாம் மொறமொறன்னு காஞ்சு கெடக்கு."

நான் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். பேங்க் அம்மாவின் பச்சை, டீச்சரின் கட்டம் போட்டது, அக்காவின் நீலம், எல்லாம் கொடியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அவ்வளவு அழகாக அந்தப் புடவைகளை நான் பார்த்ததே இல்லை. மூக்கை வைத்துப் பார்த்தேன். காற்றும் சோப்பும்தான்.

இறங்கி வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பகல் பொழுதில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அத்தையை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அதுல அவங்கவங்க அம்மா வாடை இருக்கும் அண்ணி. அது இருந்தாத்தான் பிள்ளைங்க தூங்கும்" என்றாள்.

"அம்மா வாடையா?" என்றாள் அத்தை. அந்த வார்த்தையை வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "எல்லாப் பிள்ளைக்குமா?" என்று கேட்டாள்.

"எல்லாப் பிள்ளைக்கும்தான்."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செய்த காரியம் அப்படி, பயந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

துவைத்த நீலப் புடவையிலேயே தூளி கட்டிக் குட்டியைப் போட்டார்கள். போட்ட மாத்திரத்தில் ஆரம்பித்தான் பாருங்கள்! அம்மா தன் புடவையில் சுற்றித் தோளில் போட்டாள். மூக்கால் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, இது நீ இல்லை என்பதுபோல் முன்னைவிட அதிகமாகக் கத்தினான். அவன் அழுவதைப் பார்த்து நர்ஸ் பாப்பா அழுதது. அதைப் பார்த்து டீச்சர் வீட்டுத் தம்பி அழுதான். பேங்க் பாப்பாவுக்கு எதுவும் புரியவில்லை, இருந்தாலும் ஊரோடு ஒத்து வாழவேண்டும் என்று அதுவும் சேர்ந்துகொண்டது. சந்தில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தொட்டியத்து பஸ் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் நெற்றியில் வியர்வை. இந்த அழுகையோடு அந்த அம்மாள் உள்ளே நுழைந்தால் அக்காவின் வேலை அன்றோடு போயிற்று. அது எனக்கும் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஆடித் தள்ளுபடி ஆரம்பித்த புதிதில் துணி எடுக்கப் போனபோது அக்காவை நாங்கள் கடையில் பார்த்திருந்தோம். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தார்கள். காலையில் வந்ததும் சொந்தப் புடவையை அவிழ்த்து மாடி அறையில் வைத்துவிட்டு யூனிஃபார்ம் கட்டிக்கொள்வோம் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"அம்மா, அக்கா காலைல கட்டிட்டு வந்த புடவை கடைல இருக்கும்ல?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் ஆயுசில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான் பரீட்சைகளில் தேறியிருக்கிறேன், வேலை வாங்கியிருக்கிறேன், அந்தப் பார்வைக்கு எதுவும் ஈடில்லை.

அத்தை செருப்பை மாட்டினாள். "நான் போறேன். நான் பண்ணுனதுக்கு நான்தான் போவணும். வாடி, கடையக் காட்டு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிச் சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, கடைவீதிக்குள் நுழைந்தால், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் நெரிந்தது. மணப்பாறை, மருங்காபுரி, துறையூர், எல்லா ஊரும் அங்கேதான் இருந்தது. கடைக்குள் குளுகுளு காற்று. வாசலிலேயே ஒருவர் கும்பிட்டு, "வாங்கம்மா, பட்டா, காட்டனா, சின்தடிக்கா?" என்றார். அத்தை விழித்தாள். தரையிலிருந்து கூரை வரை புதுப் புடவை அடுக்கியிருக்கிற கடையில் போய், பழசு ஒன்று வேண்டும், அதுவும் துவைக்காதது வேண்டும் என்று எப்படிக் கேட்பாள்? "காட்டன்தான்" என்று சொல்லி வைத்தாள். உடனே ஒரு பெண் எங்களை உட்காரவைத்து, மளமளவென்று புடவைகளை விரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் அதற்குள் பெஞ்சில் ஏறி நின்று அக்காவைத் தேடினேன்.

அக்காதான் எங்களை முதலில் பார்த்தாள். கையிலிருந்த புடவை நழுவியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "என்னாச்சு? பையனுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கான்" என்று அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உம் புடவையை நான் தெரியாத்தனமாத் தொவைச்சுப்புட்டேன். தூங்கமாட்டேங்குறான். காலைல கட்டிட்டு வந்தியே, அதக் குடு தாயி."

அக்கா மாடிப்படிகளில் பாய்ந்து ஏறி, ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தாள். "சூப்பர்வைசர் அக்காகிட்ட சொல்லிட்டு இன்னைக்கு யூனிஃபார்மோடயே வந்துடறேன். சீக்கிரம் போங்கம்மா" என்றாள். பின்னாலிருந்து யாரோ வாடிக்கைக்காரர் அதட்டிக் கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "பையத் தொறங்கம்மா. பில்லு எங்க?"

"பில்லெல்லாம் இல்லீங்க."

"புடவை இருக்கு, பில்லு இல்லன்னா எப்படி? ஓரமா வாங்க."

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. திருட்டுப் புடவை என்று யாரோ முணுமுணுத்தார்கள். லால்குடியில் அப்படியொரு வார்த்தையை அத்தையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது. அத்தை பைக்குள் கையை விட்டு, கசங்கிச் சுருண்ட அந்தப் புடவையை வெளியே எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். பக்கத்து வீட்டு அழுக்குத் துணியைக் குச்சியால் தள்ளுகிற என் அத்தை!

"நல்லாப் பாருங்கய்யா. ஒங்க கடைல மஞ்சக்கறையும் பால் கறையும் போட்டா விக்கிறீங்க? சந்தேகமா இருந்தா மோந்து பாருங்க!"

அந்த மனிதர் கடமை தவறாதவர். குனிந்து மோந்து பார்த்தார். உடனே நிமிர்ந்து, "போங்கம்மா, போங்க" என்று வழி விட்டார். கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. புடவையைப் பட்டுப் போல மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் நான், ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவள் மாதிரி கர்வத்தோடு நடந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே தண்ணீர் கரை முட்ட நுரைத்துக்கொண்டு போயிற்று. பெருக்குக்குப் பிறகு அப்படித் தண்ணீர் வந்தால் நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டுவோம். அத்தை ஆற்றைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அதைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். பாலம் முடிகிறவரை எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

"ரொம்ப நாறுதா அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். "ஆமாடி, நாறுது" என்றாள்.

வீட்டுச் சந்தில் நுழையும்போதே குட்டியின் தொண்டை கேட்டது. அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டுமுன் அத்தையே புடவையைக் கொக்கியில் போட்டு முடிச்சிட்டாள். உதறவில்லை, தட்டவில்லை. குட்டியை வாங்கி உள்ளே போட்டாள். அவன் கத்திக்கொண்டே முகத்தைத் திருப்பினான். துணி மூக்கில் பட்டது. ஒரு விக்கல். இன்னொரு விக்கல். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து வாயோடு சேர்த்துக்கொண்டான். தூளி நாலு ஆட்டம் ஆடுவதற்குள் கண் சொருகிவிட்டது. தலைவன் அடங்கியதும் தொண்டர்களும் ஒவ்வொருவராக அடங்கினார்கள். வீடு அமைதியானதும், அம்மா என் தலையில் கை வைத்தாள்.

மாமியார் வந்தார். கையில் பூவன் பழம் ஒரு சீப்பு. வேகமாக வந்தவர் வாசலில் நின்று காதைக் கொடுத்தார். சத்தமில்லை. உள்ளே வந்து தூளியை விலக்கிப் பார்த்தார். பேரன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

"எப்பவும் இப்படித்தான் தூங்குவானா?"

அம்மா பதில் சொல்லத் தயங்கினாள். பொய் வராது அவளுக்கு. அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "இங்க வந்த நாள்லேர்ந்து அவன் அழுது நான் பாத்ததே இல்லைங்க. தங்கமான பிள்ளை." வந்து நாலு நாள்கூட ஆகாத அத்தை, சத்தியம் செய்கிறவள் மாதிரி நின்று சொன்னாள்.

அந்த அம்மாள் தூளிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வந்த வேகமெல்லாம் இறங்கிவிட்டது. "அழுதா என்னா பண்றதுன்னுதான்... ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. பயமா இருந்துச்சு" என்றார். அவன் விழிக்கும்வரை காத்திருந்து, அம்மா அவனுக்குப் பருப்புச் சாதம் ஊட்டுவதைப் பார்த்து, பழத்தை அம்மாவின் கையில் கொடுத்தார். "பாத்துக்கங்க. அவ வேலைக்குப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

சாயங்காலம் அரக்குப் புடவையில் மூச்சிரைக்க ஓடிவந்த அக்காவிடம் அதை நான்தான் சொன்னேன். அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அத்தையின் காலில் விழப் போனாள். அந்தக் கடையில் ஒரு தளம் முழுவதையும் இன்று அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். குட்டி என்னைவிட உயரம்.

அன்று அப்பா வேலை முடிந்து வந்ததும் நான் கடைக் காட்சி முழுவதையும் நடித்துக் காட்டினேன். காவலாளி மோந்து பார்த்த இடத்தில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது போதவில்லை எனக்கு. "அப்பா, பாலத்துல வரப்ப அத்தை நாத்தம் தாங்காம அழுதுட்டாங்க!" என்றேன். அப்பா இன்னும் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பூவன் பழத்தை உரித்து என் வாயில் திணித்து, "போதும், சாப்பிடு" என்றாள். என் நடிப்பைப் பாதியில் நிறுத்தியதற்கு அவள்மேல் எனக்குக் கோபம்.

அந்தக் கதையை அப்படியேதான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தேன். போன வருஷம் என் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு முதல் நாள் வேலைக்குக் கிளம்பினேன். மற்ற அம்மாக்களைக் கேட்பதுபோலவே என்னையும் கேட்டாள் அம்மா, "துவைக்காதது கொண்டாந்தியா?" என்று. இரவு போட்டிருந்த நைட்டியைக் கொடுத்தேன். என் மகள் அதை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. விடிகாலையில் எழுந்து, வீட்டில் இருந்த அத்தனை துணியையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, தன் வாடை பட்ட ஒரு நூல்கூட வீட்டில் மிச்சமில்லாமல் தபால் ஆபீசுக்குக் கிளம்பிப்போன அத்தை. அழுது நீலம் பாரித்த அத்தான். நானும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னம்மா என்று கேட்டார். தூசி என்றேன்.

அத்தை இப்போது லால்குடியில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். மருமகள் தினமும் ரயிலில் திருச்சிக்கு வேலைக்கு வருகிறாள். தூளி மருமகளின் புடவைதான். அம்மாவின் குழுவில் அத்தையும் இருக்கிறாள், அம்மாவின் குரல்பதிவுக்குக் கீழே முதல் ஆளாகக் கும்பிடு போடுவது அவள்தான்.

இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த ஆடிக்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், காதுகுத்து வந்துபோயின. எம் பையன் என்னை விட்டு இருக்கவே மாட்டான் என்ற அந்தப் பெருமையை அத்தை ஒரு இடத்திலும் சொன்னதில்லை. அவள் சொல்லாமல் விட்டது நாலாம் வகுப்பு வாயாடியின் காதில் விழவில்லை.